உளுத்த அங்சானா பர்லில் கடைசல்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பூச்சி துளைத்த பர்ல் கட்டை பாதி விலைக்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா என்று கடைசல் பழகுகிறவர்கள் கேட்பதுண்டு. வாங்கலாம். ஆனால் எந்தப் பூச்சி துளைத்தது என்று பார்த்து வாங்குங்கள்.

நான் கடைவது பெரும்பாலும் அங்சானா என்ற மரத்தின் பர்ல். மரத்தில் புடைத்து நிற்கும் கழலைதான் பர்ல். முளைவிடாத மொட்டுகள் உள்ளே நெருக்கியடித்துக் கிடப்பதால் ரேகை சுழித்துச் சுழித்து ஓடும், இடையிடையே சின்னச் சின்னக் கண்கள் தெரியும். வெளிநாட்டுச் சந்தையில் அம்பொய்னா என்று கொள்ளை விலைக்குப் போவதும் இதே மரத்தின் கழலைதான். சிங்கப்பூரில் 1970களில் பெரிய கிளைகளையே வெட்டி நட்டு, சீக்கிரம் நிழல் வரவழைத்தார்களே, அதே அங்சானா. அதற்காகச் சாலையோர மரத்தில் கழலை தெரிகிறதென்று கத்தியோடு போய்விடாதீர்கள். என்னுடையதெல்லாம் சுங்கை காடுட் பக்கம் வாங்கிய இறக்குமதிக் கட்டைகள்.

துளைகளில் இரண்டு ஜாதி. ஓரம் கறுத்திருந்தால் அது அம்புரோசியா வண்டு. ஈரமான மரத்தில்தான் குடியேறும். மரத்தைத் தின்னாது, துளைக்குள் பூஞ்சை வளர்த்து அதைத் தின்னும். அந்தப் பூஞ்சையின் கறைதான் கறுப்பு. மரம் காய்ந்துவிட்டால் அதற்கு அங்கே பிழைப்பில்லை. செம்பழுப்பு வைரத்தில், அதாவது மரத்தின் கெட்டியான நடுப்பகுதியில், இந்தக் கறுப்புக் கோடுகள் விழுந்த கட்டை கிடைத்தால் நான் பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிடுவேன்.

இன்னொன்று காய்ந்த மரத்தைத் தின்கிற லிக்டஸ் வண்டு. துளை ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், தட்டினால் டால்கம் பவுடர் மாதிரி மாவு கொட்டும். வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறிய வெள்ளைப்பகுதியில் இருக்கும் மாவுச்சத்துதான் அதற்குத் தீனி. அங்சானாவின் வைரத்தை அது சீண்டாது. புழு உள்ளே மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, நீங்கள் கடைந்து பாலிஷ் போட்டு அலமாரியில் வைத்தபிறகு வண்டாகி வெளியே வரும்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்தது. கட்டையை விற்றவர் ‘சூளையில் காய்ந்தது, பயமில்லை’ என்று சத்தியம் பண்ணாத குறை. அதில் கடைந்த விபூதிக் கிண்ணம் சாமி அலமாரியில் இருந்தது. ஒருநாள் அத்தை விளக்கேற்றப் போய், “மாப்பிள்ள, இது விபூதியா, உளு மாவா? கொஞ்சம் பாருங்க” என்று கூப்பிட்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள், இரண்டும் பார்க்க ஒன்றுதான். கிண்ணத்தைத் துடைத்து, கறுப்புத் தாள் விரித்து அதன்மேல் காலியாக வைத்தேன். மறுநாள் காலை தாளில் துளைக்கு நேர் கீழே குட்டியாக ஒரு கூம்பு. உளுவேதான்.

இப்போதெல்லாம் எந்தக் கட்டை வந்தாலும் முதலில் வெள்ளைப்பகுதியை முடிந்தவரை அறுத்துத் தள்ளிவிடுவேன். மிச்சத்தை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃபிரீசரில் இரண்டு வாரம். மீனுக்குப் பக்கத்தில் மரக்கட்டையா என்று வீட்டில் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்கிறது. பெரிய கட்டைக்குச் சூடு தேவலாம். ஏற்றுமதிப் பெட்டி மரங்களுக்குள்ள சர்வதேச விதியே நடுமரம் வரை 56 டிகிரி, 30 நிமிடம். கடைந்து முடித்ததும் உட்புறம், அடிப்புறம் எல்லாம் பாலிஷ் ஏற வேண்டும். லிக்டஸ் முட்டையிடுவது மரத்தின் திறந்த நுண்துளைகளில்தான், அடைத்துவிட்டால் புதிதாக வராது.

கடையும்போது துளையைவிடத் துளையைச் சுற்றிய மக்கிய மரம்தான் படுத்தும். சுரண்டும் உளியான ஸ்கிரேப்பரை வைத்தால் பிய்த்துக்கொண்டு வரும். நகம் மாதிரி வளைந்த முனையுள்ள நகவுளியைப் புதிதாகச் சாணை பிடித்து, அதால் மெல்லிசாகச் சீவுங்கள், லேத்தைக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள், முகத்தை முழுதாக மறைக்கும் கவசம் இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள். மக்கிய இடத்தில் தண்ணீர் மாதிரியான சூப்பர் குளூவை ஊற்றி இறுக்கலாம். அதற்குமுன் ஷெல்லாக் என்ற அரக்கு மெருகு ஒரு கோட் பூசாவிட்டால் வெளிறிய மரத்தில் பசைக்கறை நிரந்தரமாக நின்றுவிடும். அங்சானாத் தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும், மாஸ்க்கில் கஞ்சம் பிடிக்காதீர்கள். சீவலை மட்டும் கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு வெயிலில் வையுங்கள். தண்ணீர் நீலமாக மினுங்கும். என் மகளுக்கு இதைக் காட்டத்தான் பட்டறைக்கே கூட்டிப்போவேன்.

வெற்றிடத்தில் வைத்து ரெசின் ஏற்றும் முறையை எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். பேனா கடையும் சின்னக் கட்டைக்குச் சரி. கிண்ணத்துக்கு எனக்கு ஒப்பவில்லை, கையில் எடுத்தால் மரமென்றே தோன்றுவதில்லை.

புழக்கத்தில் எப்படி என்றால், குங்குமச் சிமிழ், சாவித் தட்டு, பூச்சாடி எல்லாம் இன்றும் நன்றாக இருக்கின்றன. நிறம் மட்டும் கொஞ்சம் மங்கி பழுப்பேறியிருக்கிறது. சிமிழ் மூடியைச் சிக்கென்று கடைந்துவிடாதீர்கள். ஏசி அறையில் சுலபமாகத் திறப்பது சமையலறைப் பக்கம் வந்தால் கவ்விக்கொள்கிறது. ஊரின் ஈரப்பதம் அப்படி, பர்ல் வேறு பக்கத்துக்கொரு விதமாக உப்பும். முறுக்கு வைத்த தட்டுதான் தேறவில்லை. துளைகளில் எண்ணெய் இறங்கி ஒரு சிக்கு வாடை, என்ன கழுவியும் போகவில்லை. தீனி வைக்க வேண்டுமென்றால் துளையில்லாத கட்டைக்கு முழுவிலை கொடுத்துவிடுங்கள்.