மார்கழி மழையில் ஓவியம் பார்க்க: கல்லடியா, கொழும்பா?

அடைமழையில் வெளிவேலைகள் நின்றுபோகும் மார்கழி நாளில், ஓவியம் பார்க்க மட்டக்களப்பாருக்கு இரண்டு வழிகள். பாலத்தைக் கடந்து, அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கும் கல்லடிக்குப் போகலாம். அல்லது இரவுப் புகையிரதம் ஏறி விடியக் கொழும்பில் இறங்கலாம். வடகீழ்ப் பருவமழை நம் பக்கத்தைத்தான் நனைக்கிறது, அதே நாளில் கொழும்பில் பெரும்பாலும் வெயில். குடையை வெறுப்பவர்கள் அதை வைத்தே முடிவெடுப்பார்கள். எனக்கு அது போதாது.

கொழும்பில் என் மனம் முதலில் போவது பார்ன்ஸ் பிளேசில் உள்ள சபுமல் மன்றத்துக்கு. 1943இல் உருவான '43 குழு' என்ற ஓவியர் குழுவைச் சேர்ந்த ஹாரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. படங்கள் வீட்டுச் சுவர்களிலேயே தொங்குகின்றன. அக்குழுவின் ஐவன் பீரிஸ் 1953இல் இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்தபடியே கடற்கரைகளை வரைந்துகொண்டிருந்தார்: அடங்கிய நிறத்தில் கடல், கரையில் அசையாது நிற்கும் மனிதர்கள். பிள்ளைகளைப் புலம்பெயர அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நம்மவருக்கு அந்தப் படங்களை யாரும் விளக்க வேண்டியதில்லை.

காலி வீதியில் கிறெஸ்கட் கடைத்தொகுதிக்குள் இருக்கும் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் 2019 டிசம்பரில் தொடங்கியது. அனுமதி இலவசம். குறிப்புகள் தமிழிலும் இருப்பதால் சிறுவர்களோடு போகிறவர்களுக்கு இதுவே பொருத்தம்.

ஆனால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் மாணவர் ஓவியக் கண்காட்சி நடக்கிறதென்றால், மறுபேச்சில்லாமல் கல்லடிதான் என் தெரிவு. கொழும்பின் தேர்ச்சி எல்லாப் படத்திலும் இராது; பரீட்சைக்காகச் செய்தவை பார்த்தவுடனேயே தெரியும். இருந்தாலும் கரியால் வரைந்த ஒரு படத்தைக் கிட்டப்போய்ப் பாருங்கள். மழை ஈரத்தில் கடதாசியின் ஓரம் நெளிந்திருக்கும். பூசிய கருமையைத் துணியால் துடைத்துத் துடைத்து ஒரு முகத்தின் வெளிச்சத்தை எடுத்திருப்பார்கள். "மகள், கண்களை ஏன் வரையாமல் விட்டீர்கள்?" என்று பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் கேட்கலாம், வரைந்தவரே பதில் சொல்வார். ஐவன் பீரிஸிடம் இனி யாரும் கேட்க முடியாது.

மாணவர் கண்காட்சி சில நாள்களில் முடிந்து, படங்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விடும். கொழும்பைத் தை மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம், இதை முடியாது. திகதியை நிறுவகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கொழும்புதான் என்றால், சபுமல் எல்லா நாளும் திறப்பதில்லை. நேரத்தை விசாரித்த பிறகு டிக்கெட் எடுங்கள்.