பிறவிக் கொப்புள நோய்ல வரும் வாய்ப்புண்: மரக்க வைக்கிற ஜெல்லா, மவுத்வாஷா, சுக்ரால்ஃபேட்டா?

எங்க அக்கா பையனுக்கு எபிடெர்மோலைசிஸ் புல்லோசாங்கற பிறவிக் கொப்புள நோய், சுருக்கமா ஈபி, அதுல டிஸ்ட்ரோஃபிக்ங்கற வகை. பாபநாசம் பக்கம் கிராமம், வாய் வெந்துடுச்சுன்னா தஞ்சாவூருக்கோ கும்மோணத்துக்கோ பஸ் ஏறணும், அதுக்குள்ள பக்கத்து மெடிக்கல்ல ஆளுக்கு ஒண்ணு சொல்லிக் கொடுப்பாங்க. அதையெல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து, எது உதவும் எது கெடுக்கும்னு எனக்குத் தெரிஞ்சத எழுதுறேன். அளவ மட்டும் உங்க டாக்டர்தான் சொல்லணும், வயசு எடை பாத்து.

ஒண்ண முதல்ல மனசுல வச்சுக்கங்க, இது உடம்பு சூட்டுல வர்ற புண் இல்ல. மேல்தோல அடியில இருக்கிற தோலோட பிடிச்சு நிறுத்துற புரதம் பிறவியிலயே பழுதா இருக்கு, டிஸ்ட்ரோஃபிக் வகையில அது 7ஆம் வகை கொலாஜன். அதனால ஒரு முறுக்குத் துண்டு உரசினாக்கூட கன்னத்து உள்பக்கம் கொப்புளிச்சு, உடைஞ்சு, புண்ணாயிடும். காரணம் உரசல், அதனால எந்த மருந்தப் பாத்தாலும் "இதப் போடுறப்ப உரசுமா"ங்கறதுதான் என் முதல் கேள்வி.

இந்தக் கேள்வியிலயே பாதி வீட்டு வைத்தியம் அடிபட்டுப் போகுது. படிகாரம் தேய்க்கறது, மஞ்சளக் கொழைச்சு விரலால அழுத்திப் பூசறது, கடுக்காய்ப் பொடி வச்சுத் தேய்க்கறது, மத்தவங்களுக்கு எப்படியோ, ஈபி வாய்க்கு வேண்டவே வேண்டாம். தேன் ஒரு வயசுக்குக் கீழ எந்தக் குழந்தைக்கும் கூடாது, பெரிய பிள்ளைங்களுக்கும் ஏற்கனவே சொத்தைப்பல் தொல்லை இருக்கு, இனிப்பு வாயில தங்கினா இன்னும் மோசம். ஆனா மணத்தக்காளிக் கீரைய நல்லாக் குழைய வேகவச்சு தேங்காய்ப்பால் ஊத்தி ஆறவச்சுக் கொடுங்க, மருந்தா நெனச்சு இல்ல, உரசாம உள்ள போற சாப்பாடுங்கறதுக்காக.

வெதுவெதுப்பான உப்புத்தண்ணிக்கு நான் நிறைய மார்க் போடுவேன். ஒரு டம்ளர் தண்ணிக்கு அரை டீஸ்பூன் உப்பு, வேகமாக் கொப்புளிக்காம வாயில வச்சு மெதுவா இந்தப்பக்கம் அந்தப்பக்கம் சாய்ச்சுத் துப்பினாப் போதும், சாப்பாட்டுத் துணுக்கு வெளிய வந்துடும். வலி இதுல குறையாது, சுத்தம்தான் கிடைக்கும். உப்பு எரிஞ்சா ஆப்ப சோடா கொஞ்சம் கலந்த தண்ணி பரவால்ல.

மெடிக்கல்ல கேட்ட உடனே கைக்கு வர்றது மரக்க வைக்கிற ஜெல், லிடோகெயின், பென்சோகெயின். வலி சட்டுனு நிக்கும், அதனாலதான் எல்லாருக்கும் புடிக்குது, அந்த அழுகைய நிறுத்த என்ன வேணாலும் செய்யலாம்னு தோணும், புரியுது. ஆனா வாய் மரத்த பிள்ளை சாப்பிடறப்ப எங்க உரசுது, எங்க கன்னத்தக் கடிக்குதுன்னே தெரியாது, மரப்பு விடறப்ப இன்னொரு கொப்புளம் நிக்கும், தொண்டையும் மரத்தா புரையேறும். குழந்தைங்க முழுங்குற லிடோகெயின் வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும், பல் முளைக்கிற குழந்தைங்களுக்கு இதப் போடாதீங்கன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014லயே எச்சரிச்சது. பென்சோகெயின் ரெண்டு வயசுக்குக் கீழ ரத்தத்துல ஆக்சிஜன் ஏத்துற வேலையையே கெடுக்கலாம். ஆக, டாக்டர் அளவு சொல்லிக் கொடுத்தா மட்டும், அதுவும் தாங்கவே முடியாத வலிக்கு மட்டும்.

கோலின் சாலிசிலேட் ஜெல்லும் இப்படித்தான் சாதாரணமா வித்துக்கிட்டு இருக்கு. பிரிட்டன்ல 2009லேர்ந்து 16 வயசுக்குக் கீழ வேண்டாம்னு சொல்லிட்டாங்க, நாங்களும் தொடறதில்ல. அப்புறம் ட்ரையாம்சினலோன் பேஸ்ட், எதிர்ப்பு சக்திய அடக்கற ஸ்டீராய்டு மருந்து. சாதாரண வாய்ப்புண்ணுக்கு நல்ல மருந்து, ஆனா இங்க உடம்போட எதிர்ப்பு சக்தி தன்னையே தாக்கி வந்த புண் இல்லையே. ஈரப்புண் மேல அத ஒட்ட வைக்க அழுத்தறதுலயே பக்கத்துத் தோல் உரியும், நாளாவட்டத்துல வாயில வெள்ளைக் காளானும் பிடிக்கும். பெரியவங்களுக்கு வர்ற பெம்ஃபிகஸ்ங்கற கொப்புள நோய்க்கு ஸ்டீராய்டு கேக்கும், அதப் பாத்துட்டு அதே மாத்திரைய இந்தப் பிள்ளைக்கும் கேக்காதீங்க, ரெண்டும் வேற வேற.

மவுத்வாஷ்ல ரெண்டு. குளோர்ஹெக்சிடின் கிருமிக்கும் ஈறுக்கும் நல்லது, ஆல்கஹால் இல்லாததாக் கேட்டு வாங்கணும் இல்லாட்டி எரிச்சல்ல பிள்ளை வாயத் திறக்காது, தொடர்ந்து விட்டா பல்லு பழுப்பாகும். பென்சிடமின் வலிக்கு உதவும், லேசா மரக்கும், சில பிள்ளைக்கு எரியும், தண்ணி கலந்துக்கலாமான்னு கேட்டுக்கங்க. துப்பத் தெரியாத பிள்ளைக்கு ரெண்டுமே சரிப்படாது.

இப்ப சுக்ரால்ஃபேட். வயித்துப்புண்ணுக்குக் கொடுக்கற அதே வெள்ளை சிரப்தான். புண்ணு மேல ஒட்டி ஒரு படலமா நிக்கும், சாப்பாடு நேராப் படாது. ஈபி பிள்ளைங்க வாய்க்கு இதக் கொடுத்து கொப்புளமும் வலியும் குறைஞ்சதா 2001ல ஒரு ஆய்வு வந்தது, ரொம்பச் சின்ன ஆய்வுதான், அதனால பெருசா முழங்க மாட்டேன், ஆனா இந்த நோயோட காரணத்துக்கு ஏத்த மாதிரி வேலை செய்யற ஒண்ணு இதுதான், என் ஓட்டு இதுக்கே. சாப்பிட்டு வாய் அலசினப்புறம், நல்லாக் குலுக்கி, வாயில விட்டு மெதுவா உருட்டணும், அப்புறம் அரைமணி நேரம் தண்ணிகூட வேண்டாம். கடையில ஆக்சிடகெயின் கலந்ததும் இருக்கு, அது மரக்க வைக்கிற மருந்து, மேல சொன்ன அதே பிரச்சனை, அதனால தனி சுக்ரால்ஃபேட்டுன்னு பேரப் படிச்சு வாங்குங்க. இதுலயும் குறை உண்டு. மலச்சிக்கல் வரும், ஏற்கனவே இரும்புச்சத்து மருந்து சாப்பிட்டு முக்கி அழற பிள்ளைங்களுக்கு இது பெரிய விஷயம். மத்த மருந்துக்கும் இதுக்கும் 2 மணி நேர இடைவெளி விடணும். அலுமினியம் இருக்கறதால கிட்னி சரியில்லாதவங்களுக்கு டாக்டர் சொல்லாமக் கொடுக்கவே கூடாது.

ரத்தம் கோத்து நிக்கற பெரிய கொப்புளத்த விடலாமா உடைக்கலாமான்னு வீட்ல சண்டையே நடக்கும். அப்படியே விட்டா உள்ள இருக்கற அழுத்தத்துல பக்கத்துலயும் பரவும், அதனால கிருமி நீக்கின ஊசியால ஓரத்துல குத்தி வடிய விடறதுதான் முறை, மேல்தோலப் பிய்க்கக் கூடாது. முதல் தடவை ஆஸ்பத்திரில காட்டச் சொல்லிக் கத்துக்கங்க.

வலிக்குதுன்னு பல்லு விளக்காம விட்டுடாதீங்க, சின்னத் தலை, மெத்துனு நார் உள்ள பிரஷ்ஷும் ஃப்ளோரைடு பேஸ்ட்டும் போதும். பல் டாக்டர்கிட்ட போனா முதல்லயே நோய்ப் பேர எழுதிக் காட்டி, உதட்டுல வாசலின் தடவச் சொல்லுங்க.

இந்த நோயோட வளந்த பெரியவங்களுக்கு ஒரு வார்த்தை. கும்மோணம் வெத்தல எவ்வளவு நல்லாருந்தாலும் சுண்ணாம்பு, சீவல், புகையில வேண்டாம். டிஸ்ட்ரோஃபிக் வகையில ஆறாத புண் புத்துநோயா மாற வாய்ப்பு அதிகம், வாயிலயும் வரலாம். மூணு வாரம் தாண்டியும் ஒரே இடத்துல புண் நின்னா, ஓரம் தடிச்சிருந்தா, சுக்ரால்ஃபேட் ஊத்திக்கிட்டு காத்திருக்காம நேரா தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் தோல் பிரிவுக்கோ புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கோ போயி, சதை எடுத்து டெஸ்ட் பண்ணணுமான்னு கேளுங்க.