இஸ்ரேல்–பாலஸ்தீனச் சுவர் வரைபடம்: ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவரின் மதிப்பீடு

விலை 780 ரூபாய். புதுச்சேரி நேரு வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் உள்ள எழுதுபொருள் கடையில் வாங்கினேன். பள்ளிக்கூட வரைபடங்களுக்குப் பின்னால் சுருட்டிச் செருகியிருந்தார்கள். எடுத்துத் தூசு தட்டும்போதே கடைக்காரர், "ஐயா, இது ஓடாத சரக்கு. ஐம்பது ரூபாய் குறைத்துக்கொள்கிறேன், எடுத்துப் போங்கள்" என்றார். அதற்குப் பிறகு பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஒரு மீட்டர் உயரம், எழுபது சென்டிமீட்டர் அகலம். அளவுத்திட்டம் 1:5,00,000, அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து கிலோமீட்டர். வலப்பக்கம், யோர்தான் ஆற்றுக்கு மேற்கே பாலஸ்தீனர்கள் வாழும் மேற்குக் கரையை மட்டும் 1:2,50,000 அளவில் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். கீழே அதே அளவில் காசா. மேல் மூலையில் பாலஸ்தீனத்துக்கான 1947 ஐ.நா. பிரிவினைத் திட்டம் தீப்பெட்டி அளவில் சிறுபடமாக இருக்கிறது. எழுத்தெல்லாம் ஆங்கிலம். பதிப்பு 2021.

கடலூர் மாவட்டத்தில் நில அளவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சங்கிலி இழுத்த காலத்தில் சேர்ந்து, கணினியில் புலப்படம் ஏறிய காலத்தில் வெளியே வந்தேன். தொலைக்காட்சி விவாதத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்டுக் கேட்டு, எந்த இடத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்போல இருந்தது. ஆகவே இது தொழில்காரனின் மதிப்பீடு. அச்சு அழகாக இருக்கிறதா என்பதைவிடக் கோடு சரியாக இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

அச்சில் பெரிய குறை இல்லை. லேமினேஷன் மங்கலானது, விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்காது. மலைப்பகுதியும் யோர்தான் பள்ளத்தாக்கும் நிறத்திலேயே பிரிந்து தெரிகின்றன. நெதன்யா நகரத்துக்கு அருகே கடலுக்கும் மேற்குக் கரைக்கும் இடையே ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். மூன்று சென்டிமீட்டர், பதினைந்து கிலோமீட்டர். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் தூரம்கூட இல்லை. இஸ்ரேலியர்களின் பயத்தைப் பத்துக் கட்டுரைகள் விளக்கியதைவிட அந்த மூன்று சென்டிமீட்டர் நன்றாக விளக்கிவிட்டது.

குறை கோடுகளில் இருக்கிறது. 1949 போர்நிறுத்தக் கோட்டைப் பச்சையில் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் போட்டிருக்கிறார்கள். இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் ஐநூறு மீட்டர். நம் புலப்படம் 1:2000. அதில் ஒரு மில்லிமீட்டர் தடித்தால் தரையில் இரண்டு மீட்டர், அதற்கே உயர் நீதிமன்றம் வரை போகிற ஊர் நம்முடையது. ஆனால் இந்தத் தடித்த கோட்டுக்கு அச்சகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. 1948 நவம்பரில் ஜெருசலேமில் இஸ்ரேல் தளபதி மோஷே தயானும் யோர்தான் தளபதி அப்துல்லா அல்-தல்லும் 1:20,000 வரைபடம் ஒன்றின் மேல் மெழுகு பென்சிலால் ஆளுக்கொரு கோடு போட்டார்கள். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. கோடே மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமன். தரையில் அறுபது முதல் எண்பது மீட்டர். தெருவும் வீடும் கோட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டன. அந்த அகலம் யாருக்குச் சொந்தம் என்று பிறகு பல ஆண்டுகள் தகராறு. தற்காலிகம் என்று கிறுக்கி 1949 ஒப்பந்தத்தில் ஏறிய கோட்டைத்தான் இன்று உலகம் பேச்சுவார்த்தைக்கு அடிப்படை என்கிறது.

இதைப் படித்துச் சிரிக்கும் தகுதி கடலூர்க்காரனுக்கு இல்லை. 1690-இல் ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்கள் எல்லாம் விற்பனையில் சேரும் என்பது பேச்சு. சுட்டார்கள். குண்டு விழுந்த ஊர்கள் கிழக்கிந்தியக் கும்பினிக்குப் போயின. அந்த ஊர்களில் நானே பின்னாளில் உட்பிரிவு அளந்திருக்கிறேன்.

1947 சிறுபடத்துக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். அந்த ஆண்டு நவம்பர் 29-இல் ஐ.நா. பொதுச்சபை பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிக்கும் திட்டத்தை 33-க்கு 13 என்ற வாக்கில் ஏற்றது. பத்து நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. இரு சமூகமும் ஒரே கூட்டாட்சியில் இருக்கட்டும் என்பது நம் தரப்பு. சொந்த வீட்டில் கோடு கிழித்து நான்கு மாதம்கூட ஆகாத நேரம் அது.

பணம் வீண் போகவில்லை என்று நினைக்க வைத்தது மேற்குக் கரைப் பெரும்படம்தான். இஸ்ரேலும் பாலஸ்தீனர்களும் 1995-இல் செய்த இரண்டாம் ஓஸ்லோ ஒப்பந்தப்படி அ, ஆ, இ (ஆங்கிலத்தில் A, B, C) என்று மூன்று வகை நிலம். முதல் வகை சுமார் 18 சதவீதம், பாலஸ்தீன நிர்வாகத்தின் கையில். இரண்டாவது சுமார் 22, நிர்வாகம் அவர்களிடமும் பாதுகாப்பு பெரும்பாலும் இஸ்ரேலிடமும். மீதி 60 முழுக்க இஸ்ரேலின் கையில். முதல் இரண்டும் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. மூன்றாவது மட்டும்தான் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு ஓடுகிறது. ஆ வகைக்கு இளம்பச்சையும் இ வகைக்கு இளஞ்சாம்பலும் கொடுத்திருப்பது மடத்தனம். குழல்விளக்கின் கீழ் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. சண்டையே அந்த இரண்டு நிறத்துக்கும் நடுவில்தான்.

துண்டு நிலம் நமக்குப் புதிதல்ல. மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் ஏறினால் தமிழ்நாடு முடிந்து முள்ளோடையில் புதுச்சேரி தொடங்குகிறது. பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் போனால் ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் நம் புல எண், அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் காலத்துக் கதாஸ்தர் (நில அளவைப் பதிவேடு) எண். அளக்கப் போனால் தலைவலி, வாழ்கிறவர்களுக்கு இல்லை. ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் திரும்பி வரும்போது பையில் பாட்டில் இருக்கிறதா என்று துழாவுவார்கள், அவ்வளவுதான். பெண் எடுப்பதும் கொடுப்பதும் பால் ஊற்றுவதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. மேற்குக் கரையிலோ ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போக ராணுவச் சாவடி. 2002-இல் கட்டத் தொடங்கிய தடுப்புச் சுவரின் பாதையில் சுமார் 85 சதவீதம் பச்சைக் கோட்டுக்கு மேல் ஓடவில்லை, மேற்குக் கரைக்கு உள்ளே ஓடுகிறது. வரைபடம் இதைச் சரியாகக் காட்டுகிறது. சுவர் சிவப்பு, கோடு பச்சை, நடுவே மாட்டிய ஊர்கள் பெயரோடு.

தற்காலிக ஏற்பாட்டையும் நாம் பார்த்திருக்கிறோம். கீழூரில் 1954 அக்டோபர் 18-இல் 178 பேர் வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியாவோடு இணைய. நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். எட்டு ஆண்டுகள் இழுத்தாலும் முடிந்தது. ஓஸ்லோ ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கான இடைக்கால ஏற்பாடு. 1999-இல் முடிந்திருக்க வேண்டியது இன்னும் இடைக்காலமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒப்பீட்டை இதற்கு மேல் நீட்டுவது நியாயமில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்குப் போக ஒரு நாடு இருந்தது. அங்கே ஆற்றுக்கும் கடலுக்கும் இடையில் ஏறத்தாழ எழுபது லட்சம் யூதர்கள், ஏறத்தாழ எழுபது லட்சம் பாலஸ்தீனர்கள். யாரும் கப்பலேறப் போவதில்லை.

வரைபடம் காட்டாத ஒன்றைச் சொல்லாவிட்டால் என் தொழிலுக்குத் துரோகம். அது நிலப்பதிவு. ஆங்கிலேயர் 1928-இல் பாலஸ்தீனத்தில் உரிமைப் பதிவுக்குச் சட்டம் கொண்டுவந்து ஊர் ஊராக அளந்தார்கள். பிறகு யோர்தான் தொடர்ந்தது. மேற்குக் கரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு முடிந்திருந்தபோது, 1967 போரில் அந்தப் பகுதியைப் பிடித்திருந்த இஸ்ரேல் 1968-இல் ராணுவ ஆணை மூலம் அந்த வேலையை நிறுத்தியது. மீதி நிலத்துக்கு நம் பாஷையில் சொன்னால் பட்டா இல்லை. அனுபவம் இருக்கிறது, ஆலிவ் மரம் இருக்கிறது, தாத்தா வரி கட்டிய ரசீது இருக்கிறது, பதிவு இல்லை. துருக்கியர் காலத்து 1858 நிலச் சட்டத்தைத் தேடியெடுத்து, தொடர்ந்து பயிரிடாத நிலம் அரசுடையது என்று 1980 வாக்கிலிருந்து பெரும் பரப்புகளை அறிவித்தார்கள். குடியேற்றங்கள் பலவும் அந்த நிலத்தில்தான் எழுந்தன. இன்று மேற்குக் கரையில் சுமார் ஐந்து லட்சம், கிழக்கு ஜெருசலேமில் இரண்டு லட்சத்துக்கு மேல் இஸ்ரேலியர்கள் குடியிருக்கிறார்கள். 2025 மே மாதம் இ பகுதியில் பதிவை மீண்டும் தொடங்க இஸ்ரேல் அமைச்சரவை முடிவு செய்தது. இந்த முறை ஆவணம் கேட்பவரும் தீர்ப்பு சொல்பவரும் ஒரே ஆள்.

1980களின் யூ.டி.ஆர். (நிலப்பதிவேடு புதுப்பிப்பு) கணக்கில் தன் நிலம் புறம்போக்கு என்று ஏறியதைத் திருத்த இன்றும் தாலுகா அலுவலகத்துக்கு அலையும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் உண்டு. நம்மவருக்கு மனு கொடுக்க ஒரு வட்டாட்சியர் இருக்கிறார், ஓட்டு இருக்கிறது. மேற்குக் கரையின் ஹெப்ரோன் பக்கத்து விவசாயிக்குத் தன் நிலத்தைப் பற்றி முடிவு செய்யும் அரசுக்கு ஓட்டுப் போட முடியாது. பல நாட்டுத் தலைவர்கள் பேசும் சமாதானத் திட்டங்களில் இந்தப் பேச்சு எத்தனை வரி இருக்கிறது என்று பாருங்கள்.

ஜெருசலேமுக்குக் கிழக்கே E1 என்ற இடம் பெரும்படத்தில் என் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்குகிறது. சுமார் 12 சதுர கிலோமீட்டர். 2025 ஆகஸ்டில் அங்கே சுமார் 3,400 வீடுகளுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். நகத்தை வைத்த இடத்தில் மேற்குக் கரையின் வடக்கும் தெற்கும் ஏறத்தாழ அறுந்துபோகின்றன.

அப்படியானால் வழியே இல்லையா என்று கேட்டால், இதே தாளின் தெற்கு முனையைப் பார்க்கச் சொல்வேன். எகிப்து எல்லை. 1979 ஒப்பந்தத்துக்குப் பிறகு இஸ்ரேல் எகிப்தின் சினாய் தீபகற்பத்தை விட்டு வெளியேறியது. கடைசியில் தாபா என்ற, ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள கடற்கரைத் துண்டில் தகராறு நின்றது. 1906-இல் நட்ட எல்லைக்கற்களில் 91-ஆம் கல் எங்கே இருந்தது என்பதுதான் வழக்கு. அங்கே ஒரு பெரிய ஓட்டல் வேறு கட்டியாயிற்று. இரு நாடும் நடுவர்களிடம் போயின. 1988-இல் எகிப்து சொன்ன இடம்தான் கல்லின் இடம் என்று தீர்ப்பு வந்தது. 1989-இல் இஸ்ரேல் ஒப்படைத்தது. நான்கு போர் நடத்திய இருவர் ஒரு கல்லுக்காகப் படமும் பழைய ஆவணமும் புரட்டினார்கள். படிக்கும்போது எனக்குக் கை துறுதுறுத்தது. கிழக்கே யோர்தானோடும் அப்படியே: 1994 ஒப்பந்தத்தில் இரண்டு துண்டுகள் யோர்தானுக்குச் சொந்தம், இஸ்ரேல் விவசாயிகள் இருபத்தைந்து ஆண்டுகள் பயிரிடலாம் என்று எழுதினார்கள். 2018-இல் யோர்தான் நீட்டிக்க மறுத்தது. 2019-இல் நிலம் திரும்பியது, குண்டு வெடிக்கவில்லை. வரைபடத்தில் இந்த இரு எல்லைகளும் மற்ற கோடுகளின் நிறத்திலேயே இருக்கின்றன. இரு தரப்பும் கையெழுத்திட்ட கோடு எது, ஒருவரே போட்ட கோடு எது என்று பிரித்துக் காட்டாதது இந்தத் தயாரிப்பின் மிகப் பெரிய குறை. பக்கத்துப் பட்டாதாரருக்கு அறிவிப்புக் கொடுக்காமல் நட்ட கல்லை எந்த நில அளவரும் கல் என்று எழுதமாட்டார்.

பாலஸ்தீனர்களோடும் ஒருமுறை கிட்ட வந்தார்கள். 2008-இல் இஸ்ரேல் பிரதமர் எஹுத் ஓல்மர்ட் மேற்குக் கரையில் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ ஈடாக இஸ்ரேல் நிலம் தருவதாக ஒரு படத்தைக் காட்டினார். அதன் நகலை மட்டும் பாலஸ்தீன நிர்வாகத் தலைவர் மஹ்மூத் அப்பாஸிடம் கொடுக்கவில்லை. அப்பாஸ் நினைவிலிருந்து ஒரு தாளில் கையால் வரைந்துகொண்டார். ஊழல் வழக்கில் சிக்கிய ஓல்மர்ட் பதவியிலிருந்து போக, பேச்சு அங்கேயே நின்றது. அளவு போட்ட படத்தின் நகலை எதிர்த்தரப்புக்குத் தராமல் கையெழுத்துக் கேட்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

பரங்கிப்பேட்டை நண்பர் வீட்டுக்கு வந்தார். மற்ற எதையும் பார்க்காமல் நேரே காசாவுக்குக் கீழே குனிந்தார். "ரஃபா எங்கே காக்கா?" என்றேன், விரல் வைத்தார். காசா 365 சதுர கிலோமீட்டர். புதுச்சேரி மாவட்டத்தைவிடச் சற்றுப் பெரிது, அதில் இருபது லட்சத்துக்கு மேல் மக்கள். 2023 அக்டோபர் 7-இல், காசாவை ஆண்ட ஹமாஸ் இயக்கம் இஸ்ரேலுக்குள் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பிணைக்கைதிகளாகப் பிடிபட்டார்கள். அதன் பின் காசாவில் இறந்தவர்கள் 70,000-ஐத் தாண்டியதாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் 2025 இறுதியில் சொன்னது. என்னிடம் இருப்பது 2021 பதிப்பு, ஆகவே அதில் காசா நகரத்தின் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. நண்பர் அதிக நேரம் நிற்கவில்லை.

2025 அக்டோபர் போர்நிறுத்தத்தில் வந்த மஞ்சள் கோடும் இதில் இல்லை. இஸ்ரேல் ராணுவம் அதுவரை பின்வாங்கியது. காசாவில் பாதிக்கு மேல், சுமார் 53 சதவீதம், அதன் கையில் தங்கியது. தரையில் மஞ்சள் வண்ணம் பூசிய கான்கிரீட் கட்டைகளை வைத்தார்கள். படத்தில் சொன்ன இடத்தைத் தாண்டிக் கட்டைகள் உட்கார்ந்திருப்பதாக உடனே செய்தி வந்தது. நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு சபை பன்னாட்டுப் படைக்கு ஒப்புதல் கொடுத்தது. பல மேலைநாடுகள் அந்த ஆண்டு பாலஸ்தீனத்தை நாடாக ஏற்றன. இந்தியா 1988-இலேயே ஏற்றுவிட்டது. இவை எல்லாம் சேர்ந்தாலும் அருகில் அமைதி வரும் என்று நான் நம்பவில்லை. இப்போதைய இஸ்ரேல் அரசு பாலஸ்தீன நாடு என்ற பேச்சையே மறுக்கிறது, ஹமாஸ் ஆயுதத்தை விடுவதாக இல்லை, அப்பாஸின் நிர்வாகத்தை அவர் மக்களே மதிப்பதில்லை. கல் நட வந்து நிற்க வேண்டிய இரு பட்டாதாரரில் ஒருவரும் வரப்புக்கு வரவில்லை.

சரி, வாங்கலாமா? பத்தாம் வகுப்புக்கு மேல் வரலாறு நடத்தும் ஆசிரியர்கள் தயங்காமல் வாங்கலாம். சிறுவர்களுக்கு எழுத்து பொடி. கடையில் குழாய் அட்டைப்பெட்டி கேட்டு வாங்குங்கள்; ரப்பர் வளையம் போட்டுத் தந்தால் பஸ்ஸில் மடங்கி, மடிப்பு சரியாக ஜெருசலேமில் விழும். கண்ணாடிச் சட்டம் வேண்டாம், 1,500 ரூபாய் கேட்கிறார்கள். மேலும் கீழும் மரக்கட்டை அடித்தால் போதும். பதிப்பகத்தாருக்கு ஒரே வேண்டுகோள்: புதிய பதிப்பில் ஒவ்வொரு கோட்டின் அருகிலும் ஆண்டையும், அதற்குக் கையெழுத்திட்டவர் யார் என்பதையும் அச்சிடுங்கள். சாம்பல் நிறத்தையும் மாற்றிவிடுங்கள்.