கம்பி உள்ளதா, இல்லாததா? கடலோரக் கட்டடங்களுக்கான சென்சார்கள்

மண்டபம் பக்கம் ஒரு சமூகக் கூடத்தில், கதவு திறந்தால் தகவல் அனுப்பும் கதவு சென்சாரின் மூடியைத் திறந்தேன். பேட்டரி ஸ்பிரிங் முழுக்கப் பச்சைக் களிம்பு. பொருத்தி இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. ராமேஸ்வரம் முதல் தொண்டி வரை, எதை வாங்கினாலும் முதல் கேள்வி உப்புக்காற்றுதான்.

செலவு
கம்பி உள்ளது: சுவரைக் குடைய வேண்டும், கூலி அதிகம்.
இல்லாதது: விரைவில் மாட்டிவிடலாம், பேட்டரிச் செலவு தொடரும்.

உப்புக்காற்று
கம்பி உள்ளது: இணைப்பு முனைகள் அரிக்கும்.
இல்லாதது: பேட்டரி முனைகளும் அரிக்கும். ரப்பர் வளையம் வைத்து மூடிய பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள்.

சிக்னல்
கம்பி உள்ளது: சுவர் தடையில்லை.
இல்லாதது: தடித்த கல்சுவரும் இரும்புக் கதவும் சிக்னலை விழுங்கும். நீண்ட கட்டடத்தில் இடையே, சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் தேவை.

பராமரிப்பில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். லித்தியம் பேட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் வரும். ஓயாமல் திறக்கும் வாசலில் முன்பே தீரும். 60 சென்சார் என்றால் 60 பேட்டரி. மாற்றிய தேதியை உள்ளே எழுதி ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு கதவையும் திறந்து, சென்சார்களின் தகவல் வந்து சேரும் பேனலில் பதிவாகிறதா என்று பாருங்கள்.

புதிதாகக் கட்டும் மருத்துவமனை, பள்ளி என்றால் கம்பிதான். கட்டும்போதே குழாய் பதித்துவிடலாம். குடையக் கூடாத பழைய கல்கட்டடத்துக்குக் கம்பியில்லாததே சரி, சோதித்துப் பார்க்கப் பொறுப்பான ஓர் ஆள் இருந்தால்.