பழைய ஃபைபர் படகைப் பிழைக்க வைத்த வத்தலக்குண்டு பட்டறை

கொடைக்கானலில் அப்பா தூண்டில் போடப் போன பன்னிரண்டடி ஃபைபர் படகு எட்டு வருஷமாகக் கொட்டகையில் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது. முதலில் ஒருவர் இங்கேயே மழைக்காலத்தில் ஒட்டுப் போட்டார், பத்து நாள் கழித்தும் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஃபைபரை ஒட்டும் பிசினான பாலியஸ்டர் ரெசின் குளிரில் சரியாக இறுகாது, 15 டிகிரிக்குக் கீழே போனால் கஷ்டம்தான்.

அப்புறம் வந்த இந்தப் பட்டறைக்காரர் சின்னச் சுத்தியலால் படகு முழுக்கத் தட்டிப் பார்த்தார். நல்ல இடத்தில் ணங்கென்றது, பின்பலகையில் மொத்தென்றது. "உள்ளே பிளைவுட் ஊறிப்போச்சு தம்பி" என்றார். அறுத்துத் திறந்தால் காபிச் சக்கை மாதிரி ஈர மரம் கையோடு வந்தது. மலைக்குக் கீழே வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோய் வெயிலில் இரண்டு வாரம் காயவைத்து, பழைய ஒட்டைச் சுரண்டி, விரிசலைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்த பிறகுதான் ஒட்டுப் போடும் கண்ணாடியிழைப் பாயையே எடுத்தார். ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரைக் கண்ணளவில் ஊற்றவில்லை, நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் போகாமல் எடை போட்டே கலந்தார்.

மூன்று வாரம் என்றது ஆறு வாரமானது, அது குறைதான். ஆனால் போன ஞாயிறு தண்ணீரில் மூன்று மணி நேரம் இருந்தோம், அடியில் ஒரு சொட்டு ஈரமில்லை. தாராளமாகக் கொடுக்கலாம், வண்டிக் கூலியை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.