ட்ரீம்ஃபால்: ஏப்ரலை அப்படி விட்டுவிட்டுப் போனது தப்பு

முடிவைச் சொல்லாமல் 'ட்ரீம்ஃபால்' என்ற இந்தக் கணினி ஆட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. விளையாடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதன் முதல் பாகமான 'தி லாங்கஸ்ட் ஜர்னி'யை நார்வேயின் ஃபன்காம் நிறுவனம் 1999-இல் வெளியிட்டது. எங்கள் வீட்டுக்கு அது வந்துசேர நாலைந்து வருடம் ஆனது. நான்கு சிடி. மவுஸ் அக்கா கையில், நோட்டும் பேனாவும் என் கையில். கதாநாயகி ஏப்ரல் ரயன், பதினெட்டு வயது ஓவிய மாணவி. அறிவியலின் உலகமான ஸ்டார்க்குக்கும் மந்திரத்தின் உலகமான ஆர்கேடியாவுக்கும் நடுவே போய்வரக்கூடியவள். சுரங்க ரயில் தண்டவாளத்தில் விழுந்து கிடக்கும் ஒரு சாவியை எடுக்க, துணி காயப்போடும் கயிறு, ஒரு இடுக்கி, காற்றடைத்த ரப்பர் வாத்து மூன்றையும் சேர்த்துக் கட்ட வேண்டும். வாத்திலிருந்து காற்று மெல்ல மெல்ல இறங்க, இடுக்கி மூடிக்கொண்டு சாவியைக் கவ்வும். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று நாள் ஆனது. ஏப்ரல் எங்களுக்கு யார் என்று கேட்டால் அந்த மூன்று நாளைத்தான் சொல்வேன்.

முதல் ஆட்டமே அவளுக்கு நியாயம் செய்யவில்லை. இரண்டு உலகங்களின் சமநிலையைக் காக்கும் காவலர் பொறுப்பு அவளுக்குத்தான் என்று நம்பவைத்து, கடைசியில் அது வேறொருவருக்குப் போய்விடும். ஆனாலும் எங்களுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. மொத்தக் கதையையும் லேடி அல்வானே என்ற வயதான அம்மா ஒருத்தி இளையவர்களுக்குச் சொல்வதாகத்தான் ஆட்டம் தொடங்கும். முடிவில், ஏப்ரலோடு சுற்றிய பேசும் பறவை குரோ அந்த அம்மாவைத் தேடி வரும். "பாட்டி ஏப்ரல்தான்டா" என்றாள் அக்கா. எனக்கும் சந்தேகமே வரவில்லை. என்ன பட்டாலும் அவள் பிழைத்து, நரைத்து, கதை சொல்லும் வயதுவரை இருந்திருக்கிறாள்.

இரண்டாம் பாகமான 'ட்ரீம்ஃபால்' 2006-இல் வந்தது. கதையில் பத்து வருடம் ஓடிவிட்டது. இப்போது முக்கியமானவள் காசபிளாங்காவில் அப்பாவோடு வாழும் ஸோயி காஸ்டில்லோ. அந்த நகரத்தின் வெயிலையும் லியான் வில்லெட்டின் இசையையும் இன்றைக்கும் மனசாரப் பாராட்டுவேன். சண்டைக் காட்சிகள் மோசம், ஒளிந்து நகர வேண்டிய இடங்கள் அதைவிட மோசம். புதிர்களில் அந்த ரப்பர் வாத்தின் கால்வாசி யோசனைகூட இல்லை. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம், ஏனென்றால் ஏப்ரல் திரும்பி வந்திருந்தாள். ஆர்கேடியாவின் மார்க்கூரியா நகரத்தில் அசாதிப் பேரரசின் ஆக்கிரமிப்பை எதிர்க்கும் கூட்டத்தில், முகம் இறுகி, யாரையும் நம்பாதவளாக. அந்தக் கசப்பு சரியான கசப்பு. எழுதியவர் ராக்னர் டோர்ன்குவிஸ்ட் அவளை மறக்கவில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

அவளைக் கொல்ல அனுப்பப்படும் அசாதி வீரனின் பெயர் கியான் அல்வானே. அந்தப் பெயரைக் கேட்டதும் அக்கா என் தோளில் அடித்தாள். அல்வானே! இவனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாள். யார் எவர் என்று தெரியாமல் இருவரும் நம்பிக்கையைப் பற்றிப் பேசிக்கொள்ளும் காட்சியை நாங்கள் பெண்பார்க்கும் நிகழ்ச்சி போலப் பார்த்தோம்.

பிறகு அந்தச் சதுப்பு நிலம். அசாதி வீரன் ஒருவனின் ஈட்டி ஏப்ரல் உடம்பில் பாய்கிறது. தண்ணீரில் விழுகிறாள். கியானைத் துரோகி என்று கைது செய்கிறார்கள். அவ்வளவுதான். சாவிக்காக மூன்று நாள் யோசிக்கவிட்டவர்கள், இங்கே ஒரு பொத்தானை அழுத்தக்கூட விடவில்லை. அழ ஒருவரும் இல்லை, உடலை எடுக்க ஒருவரும் இல்லை. ஸோயியோ ஆட்டம் தொடங்கியபோது கிடந்த அதே கோமாவில், அதே படுக்கையில் கிடக்கிறாள். பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் அக்கா எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

சோகமான முடிவு எனக்கு ஆகாது என்றில்லை. சாவு வீட்டில் பத்து பேர் கூடி ஒப்பாரி வைக்க இடம் இருக்கிறது. இங்கே அந்த இடத்தைத் தரவில்லை. செத்தாளா பிழைத்தாளா என்றுகூடச் சொல்லாமல், அடுத்த பாகம் வரும் என்ற நம்பிக்கையில் எங்களை உட்காரவைத்தார்கள். அந்த அடுத்த பாகம் எட்டு வருடம் வரவில்லை. 2013-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் ரசிகர்கள் பதினைந்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்த பிறகுதான் 'ட்ரீம்ஃபால் சாப்டர்ஸ்' உருவானது. 2014 அக்டோபரிலிருந்து 2016 ஜூன் வரை ஐந்து பகுதிகளாக வந்தது.

அதில் பதில் இருக்கிறது. ஏப்ரல் செத்துத்தான் போயிருக்கிறாள். லேடி அல்வானே, சாகா என்ற வேறொரு பெண். சாகாவைக் குழந்தையாகப் பார்த்து, அவள் வளர்வதையும் பார்த்தபின் அவள்மேல் பாசம் வந்தது உண்மை. வட்டம் முடிகிற விதமும் அழகு. ஆனால் அந்த நாற்காலியில் பதினைந்து வருடமாக என் மனதில் உட்கார்ந்திருந்தவள் வேறு ஒருத்தி.

மூன்றும் இப்போது ஸ்டீம் என்ற இணையக் கடையில் கிடைக்கின்றன. முதல் ஆட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 'ட்ரீம்ஃபால்' மட்டும் தனியாக வேண்டாம். 'சாப்டர்ஸ்' கையில் இருந்தால் மட்டும் தொடங்குங்கள், முடிந்த இரவே அடுத்ததைத் திறந்துவிடுங்கள்.

'சாப்டர்ஸ்' ஒரு பிரதியை அக்காவுக்கு வாங்கி அனுப்பினேன். அந்தப் பாட்டி யார் என்று மட்டும் சொல்லாதே, இன்னும் நான் திறக்கவில்லை என்கிறாள்.