மலைநாட்டில் ஓர் அம்மாவின் அலுமாரி: எது காய்கிறது, எது தாங்குகிறது

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் உடுப்பு வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, ஆனி ஆடி மழையில் இது எப்போது காயும் என்றுதான். வைகாசி தொடக்கம் புரட்டாசி வரை தென்மேல் பருவமழை மேற்குச் சரிவை நனைத்துக்கொண்டே இருக்கும். அந்த மாதங்களில் தடித்த ஜீன்ஸ் ஒன்றை மூன்று நாள் கொடியில் போட்டாலும் இடுப்புப் பட்டியும் பொக்கட்டும் ஈரமாகவே கிடக்கும். காயாத உடுப்புக்குப் பதிலாக இன்னொன்று வாங்குகிறோம். அலுமாரி நிறைந்துவிடுகிறது, காலையில் உடுத்தத்தான் ஒன்றும் இல்லை. வீட்டில் கொடியின் நல்ல இடம் எப்போதும் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைக்கு. அம்மாவின் உடுப்பு மிச்ச இடத்தில், மிச்ச வெயிலில் காய வேண்டியதுதான். ஆகவே, குறைந்த காசில் நேர்த்தியாக உடுப்பதற்கு இங்கே முதல் வழி, சீக்கிரம் காயும் ஏழெட்டு உடுப்பை வைத்துக்கொண்டு மாறி மாறி உடுத்துவது.

பண்டாரவளை, பதுளைப் பக்கம் கணக்கு வேறு. மேற்கே மழை அடிக்கும்போது அங்கே காற்றும் வெயிலும் இருக்கும். அங்கே மழை கூடுவது ஐப்பசி முதல் தை வரை.

துணி எப்படி உழைக்கிறது

நீண்ட நாள் பாவனையில் முன்னுக்கு நிற்பது பொலியெஸ்டர் கிரேப்பும் ஜோர்ஜட்டும். இந்த இழை தண்ணீரை உள்ளே இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். இழைகளுக்கு இடையில் நிற்கும் நீர் உதறினாலே பாதி போய்விடும். இரவு அலசி, காற்றுப் படும் இடத்தில் தொங்கவிட்டால் காலையில் பெரும்பாலும் உடுத்தலாம். அயன் தேவைப்படுவதும் குறைவு. குறை என்னவென்றால் வியர்வை நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே மெல்லிய கொட்டன் சிமிஸ் போட்டால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

தினசரிக் குர்த்தாவுக்குக் கொட்டனும் பொலியெஸ்டரும் கலந்த துணி நல்லது. லேபிளில் பொலியெஸ்டர் 65, கொட்டன் 35 என்று இருந்தால் எடுங்கள். முழுக் கொட்டன் போல உடம்புக்கு இதமாக இருக்காது, ஆனால் சுருக்கம் குறைவு, நிறமும் கூடுதல் நாள் நிற்கும்.

ரேயோன்தான் பலரை ஏமாற்றுவது. கடையில் பார்த்தால் பட்டுப் போல விழும், விலையும் குறைவு. ஆனால் இந்த இழை நனைந்தால் பலம் இழக்கும். ஈரத்தில் முறுக்கிப் பிழிந்தால் தையல் ஓரம் விட்டுப் போகும். முதல் அலசலில் நீளம் இரண்டு அங்குலம் ஏறிவிடுவதும் சாதாரணம். ரேயோன் துணி வாங்கித் தைக்கக் கொடுப்பவர்கள் கால் மீற்றர் கூட வாங்க வேண்டும். இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயவைத்து, அயன் பண்ணிய பிறகே தையல்காரரிடம் கொடுக்க வேண்டும். தைத்தே விற்பதை வாங்கினால், கீழ் மடிப்பில் ஒன்றரை அங்குலமாவது துணி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது இரண்டு அலசலோடு வீட்டுச் சட்டை.

கடைக்காரர் எதையும் கொட்டன் என்றுதான் சொல்வார். துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி எடுத்துப் பார்க்கலாம். நடுவில் நனைத்து இரண்டு பக்கமும் இழுங்கள். நனைந்த இடத்திலேயே லேசாக அறுந்தால் அது பெரும்பாலும் ரேயோன். கொட்டன் நனைந்தால் இன்னும் இறுகும். வீட்டில் நெருப்பிலும் சோதிக்கலாம். பொலியெஸ்டர் நூல் உருகிக் கடினமான மணியாகும், கொட்டனும் ரேயோனும் கடதாசி போல எரிந்து சாம்பலாகும். சாயம் போகுமா என்று பார்க்க, ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் உள் தையலைத் தேயுங்கள். சுருக்கத்துக்கு, ஓரத்தைப் பத்து விநாடி உள்ளங்கையில் கசக்கிப் பிடித்து விடுங்கள். கோடு அழியாமல் நின்றால் அதைத் தினமும் அயன் பண்ண வேண்டி வரும். காலை ஐந்தரைக்குப் பிள்ளைக்குச் சோறு கட்டும் வீட்டில் அது நடக்காத காரியம்.

லெகிங்ஸ் பற்றி ஒரு வார்த்தை. புதிதில் அழகுதான், ஆனால் அதிலுள்ள ரப்பர் போன்ற இழை சூட்டுக்கும் குளோரினுக்கும் தாங்காது. அடுப்படியில் காயப்போட்ட லெகிங்ஸ் ஒரு மழைக்காலத்தோடு முழங்காலில் பை விழுந்துவிடும். அதே காசுக்கு நேராகத் தைத்த கிரேப் காற்சட்டை இரண்டு மூன்று மடங்கு உழைக்கும். 45 அங்குல அகலத் துணியில் இரண்டு மீற்றர் போதும். கணுக்கால் எலும்புக்கு நேரே முடியும்படி வெட்டச் சொல்லுங்கள். நிலத்தைக் கூட்டும் பலாசோ, லயன் வீட்டுப் படியிலும் தோட்டப் பாதையிலும் ஒரே நாளில் செம்மண் கரை போட்டுக்கொள்ளும்.

ஜேர்சிதான் முகம்

நுவரெலியாவில் வருடம் முழுக்கச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில்தான். பஸ்ஸிலும் பாடசாலை வாசலிலும் நம்மைப் பார்க்கிறவர்கள் காண்பது ஜேர்சியை. ஆனால் பெரும்பாலானோர் காசையெல்லாம் சல்வாருக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரரின் பழைய ஜேர்சியை மேலே போட்டு மூடிவிடுகிறார்கள். இது தலைகீழ்க் கணக்கு. இந்தக் குளிரில் வருடச் செலவின் பெரும் பங்கு மேலுடுப்புக்குத்தான் போக வேண்டும். இரண்டு போதும். ஒன்று முன்னால் திறக்கும் மெல்லிய கார்டிகன், இடுப்பு எலும்பு வரை நீளம், கருநீலமோ சாம்பலோ. மற்றது காற்றும் தூறலும் தாங்கும் ஜெக்கட்.

இரண்டையும் நுவரெலியா பேல் பஜாரில் பேரம் பேசி வாங்கலாம். அங்கே கவனிக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. மணிக்கட்டு ரிப்பை இழுத்து விட்டால் உடனே பழைய அளவுக்கு வர வேண்டும். தளர்ந்து நின்றால் அதை மீட்க வழியில்லை. சிப்பை மூன்று நான்கு தடவை மேலும் கீழும் ஓட்டுங்கள். இறுக்கமாக ஓடினால் பரவாயில்லை, மெழுகுவர்த்தி தேய்த்தால் சரியாகும். பல் விலகி நடுவில் திறந்தால், புதுச் சிப்பும் தையற்கூலியும் சேர்த்துத்தான் விலையைக் கணக்கிட வேண்டும். கக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பழைய உடுப்பின் வயது அங்கேதான் தெரியும். மழை ஜெக்கட்டின் உள்பூச்சு விரலில் ஒட்டினாலோ பொடியாக உதிர்ந்தாலோ தொடவே வேண்டாம். அந்தப் பொலியுரிதேன் பூச்சு ஈரக்காற்றில் சிதைய ஆரம்பித்துவிட்டது, இனி உரிந்துகொண்டேதான் போகும்.

அதே காரணத்தால் ரெக்சின் ஜெக்கட்டும் ரெக்சின் கைப்பையும் இங்கே நல்ல முதலீடு இல்லை. அடிக்கடி பாவிக்காமல் பத்திரமாக வைத்தாலும் உரியும். கன்வஸ் அல்லது நைலோன் பை எடுங்கள். சப்பாத்திலும் இதே கதைதான். பொலியுரிதேன் அடி, பெட்டியில் இருந்தபடியே நாட்கள் போகப் போக நொறுங்கும். ரப்பர் அடியோ ஈவிஏ என்ற இலேசான நுரை அடியோ தாங்கும். நனைந்த சப்பாத்துக்குள் பத்திரிகைக் கடதாசியைத் திணித்து, சில மணி நேரத்தில் அதை மாற்றிவிடுங்கள். மாற்றாத கடதாசி ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கும். தோட்டப் பாதைக்கு ரப்பர் சப்பாத்து, வேலையிடத்துக்குப் பையில் ஒரு நல்ல சோடி என்று பிரித்து வைத்தால் இரண்டுமே நீண்ட நாள் வரும்.

அக்ரிலிக் ஜேர்சியில் கக்கத்திலும் பை உரசும் பக்கத்திலும் சிறு உருண்டைகள் வரும். உள்பக்கம் வெளியே திருப்பி அலசினால் குறையும். வந்துவிட்டால், துணியை மேசையில் இழுத்து விரித்து, புது ரேசரை அழுத்தாமல் ஒரே திசையில் ஓட்டி எடுக்கலாம். ஈர ஜேர்சியைக் கொடியில் தொங்கவிடாதீர்கள், தன் பாரத்தாலேயே நீண்டுவிடும். துவாயில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்துவிட்டு, படுக்க வைத்துக் காயவிடுங்கள்.

கண்டிக்கு இறங்கும் நாளில் எட்டுப் பாகைக்கு மேல் சூடு கூடும். பேராதனை தாண்டியதும் ஜேர்சியைக் கழற்றத்தான் வேண்டும். அன்றைக்கு உள்ளே போட்டிருக்கும் குர்த்தாவுக்கும் வேலை உண்டு.

தையலுக்குக் கொடுக்கும் காசு

விலை குறைந்த உடுப்பை விலை கூடியதாகக் காட்டுவது அளவுதான். தைத்த உடுப்பை வாங்கும்போது தோள் தையல் தோள் எலும்பில் நேராக நிற்க வேண்டும். தோள் பெரிதாக இருந்தால் விட்டுவிடுங்கள், அதைத் திருத்தும் கூலி அதிகம், கையும் கழுத்தும் கோணும். பக்கத் தையலைப் பிடிப்பதும் நீளம் குறைப்பதும் சின்ன வேலை. பக்கவாட்டு வெட்டு தொடையின் நடுவிலாவது தொடங்க வேண்டும். அதற்குக் கீழே தொடங்கினால் படி ஏறும்போது தையல் கிழியும். உயரம் குறைந்தவர்களுக்கு முழங்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே முடியும் குர்த்தா உயரம் கூட்டிக் காட்டும்.

தைக்கக் கொடுத்தால் 45 அங்குல அகலத்தில் இரண்டரை மீற்றர், முழுக்கை வைத்துக் குர்த்தாவுக்குச் சரி. பக்கங்களில் ஒரு அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள். பிள்ளை பெற்ற பிறகு உடம்பு மாறுவது இயல்பு. அந்த ஒரு அங்குலம் இருந்தால் சட்டையைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. பால் கொடுக்கும் அம்மாவுக்கு முன்பக்கப் பொத்தான் வரிசை எட்டு அங்குலமாவது இறங்க வேண்டும். அது பிடிக்காதவர்கள் மார்புப் பக்கத் தையலுக்குள் வெளியே தெரியாத சிப் இரண்டு வைக்கலாம். பஸ்ஸிலும் சிரமம் இல்லை, பால்குடி நின்ற பிறகும் அதே உடுப்பு உதவும்.

சேலை கட்டும் ஆசிரியைகளுக்கு ஃபோல்ஸ் கட்டாயம். ஈரப் படியில் சேலையின் கீழ்க்கரைதான் முதலில் போகும். ஏறக்குறைய இரண்டரை மீற்றர் பட்டியை உள்முனையிலிருந்து ஆறு அங்குலம் விட்டுத் தொடங்க வேண்டும். கொட்டன் பட்டியை முதலில் நனைத்துக் காயவைக்காமல் தைத்தால், அலசியதும் பட்டி சுருங்கிச் சேலைக்கரையை இழுத்துவிடும். அந்தச் சுருக்கம் எத்தனை அயன் போட்டாலும் போகாது. வேலைக்கு ஜோர்ஜட், கிரேப். பட்டு விசேஷத்துக்கு மட்டும். பட்டைப் பொலித்தீனில் மூடாமல் பழைய வெள்ளைத் துணியில் சுற்றி வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றாவிட்டால் சரிகை மடிப்புக் கோட்டிலேயே வெடிக்கும். தை, மாசி வெயில் மாதங்களில் நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் பூஞ்சணம் குறையும்.

நிறமும் அலசலும்

கீழே மூன்று காற்சட்டை: கருநீலம், கரும்பச்சை, அடர் பழுப்பு. மூன்றிலும் செம்மண் உடனே தெரியாது. இந்த மூன்றோடும் பொருந்தும் ஏழு மேலாடை இருந்தால் 21 விதமாக மாற்றி உடுத்தலாம். ஒரே ஒரு காற்சட்டையோடு மட்டும் பொருந்தும் மேலாடை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். முகத்துக்கு அருகில் வரும் நிறத்தைச் சால்வையில் வைத்துக்கொள்ளுங்கள். சால்வை சீக்கிரம் காயும், விலையும் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை மலைபோல் குவித்து அலசுவதைவிட, கிழமைக்கு இரண்டு மூன்று சின்ன அலசல் நல்லது. கொடியில் இடைவெளி இருந்தால்தான் காற்று உள்ளே போகும். குளிர் தண்ணீரில் சலவைத்தூள் சரியாகக் கரையாமல் கருநீலத்தில் வெள்ளைக் கோடு போடும். ஒரு கோப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். மெதுவாகக் காய்ந்து புழுங்கல் நாற்றம் பிடித்த துணிக்கு, கடைசித் தண்ணீரில் ஒரு வாளிக்கு அரைக் கோப்பை வினாகிரி போதும். வெண்மையாக்கும் குளோரின் திரவத்தோடு வினாகிரியைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

பழசாகிப் போன கறுப்புக் கொட்டனுக்குச் சாயம் போடலாம், ஆனால் தையல் நூல் பொலியெஸ்டர் என்றால் அது சாயம் ஏறாமல் பழைய நிறத்திலேயே நிற்கும்.

காசு எங்கே கசிகிறது

தோட்டத்துக்கு வரும் தவணைக்காரரிடம் வாங்குவதை முற்றாகத் தவறு என்று சொல்ல முடியாது. கையில் காசு இல்லாத மாதத்தில் அவர்தான் துணை. ஆனால், "அண்ணே, கைக்காசுக்கு என்ன விலை, தவணைக்கு மொத்தம் எவ்வளவு?" என்று இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வித்தியாசம் ஒரு தையற்கூலியைத் தாண்டினால், ஒரு மாதம் பொறுத்து டவுனில் வாங்குவதே மேல். விலையை உடுத்தும் தடவையால் பிரித்தும் பாருங்கள். 3,000 ரூபாய் கார்டிகனை 150 நாள் போட்டால் ஒரு நாளுக்கு 20 ரூபாய். 1,200 ரூபாய்க்கு வாங்கி நான்கு தடவையோடு நிறுத்திய மினுக்கு டொப், ஒரு தடவைக்கு 300.

தோட்டத்தில் கொடுக்கும் தீபாவளி முற்பணம் வந்த கையோடு கடைக்குப் போகும்போது எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். தையல்காரரும் அவசரத்தில் பக்கத் தையலுக்கு இடம் விடமாட்டார். துணியை ஆவணியிலேயே வாங்கி நனைத்துக் காயவைத்து, புரட்டாசி நடுவுக்குள் தைக்கக் கொடுத்துவிடுங்கள். முற்பணம் வந்ததும் அதில் பிள்ளைகளின் உடுப்பை மட்டும் எடுத்தால் போதும், வளருகிற பிள்ளைக்கு முன்கூட்டியே தைத்தால் அளவு தப்பும்.